முட்டி ஜவ்வு கிழிவது யாருக்கு, ஏன்? ஆடுபவர்களும் ஆட வைப்பவர்களும் பேசுங்கள்

ரைடர்_திருவாரூர்

வணக்கம். எங்கள் பெண்கள் கபடி அணியில் இந்த சீசனில் இரண்டு பேருக்கு முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. இரண்டுமே ஏ.சி.எல்., அதாவது முட்டிக்குள் இருக்கும் முன்பக்க ஜவ்வு. இரண்டு பேருமே ரைடர்கள்.

யாராவது காலைப் பிடித்து இழுத்து, மேலே விழுந்து இது நடந்திருந்தால் ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டிருப்பேன். அப்படி நடக்கவில்லை. முதல் பெண், ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரான கார்னரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினாள். பக்கத்தில் யாருமே இல்லை. வலது காலை ஊன்றித் திரும்பும்போது ஷூ தரையில் விரித்திருந்த மேட்டைப் பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டி உள்பக்கமாகச் சரிந்தது. 'டப்' என்ற சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. ஆட்டம் முடிவதற்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. இன்னொரு பெண், பிடிக்க வந்தவளிடமிருந்து தப்பிக்கப் பின்னால் துள்ளி ஒற்றைக் காலில் இறங்கினாள். அவ்வளவுதான் நடந்தது.

ஊரில் பெரியவர்கள் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கபடி, எலும்பு தாங்காது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அணியில் இன்னொரு பெண்ணின் அப்பா, மகளை இனி அனுப்பமாட்டேன் என்கிறார். அவருக்குச் சொல்ல எனக்கு ஒழுங்கான பதில் வேண்டும். யாருக்கு இது வருகிறது? ஏன் வருகிறது?

பிசியோ_கோவை

அண்ணா, யாரும் தொடாமல் கிழிந்ததைப் பார்த்து நீங்கள் திகைக்கிறீர்கள். ஆனால் அதுதான் வழக்கம். விளையாட்டில் ஏ.சி.எல். கிழிவதில் சுமார் 70 சதவீதம் மோதல் இல்லாமலேயே நடக்கிறது. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திசை மாறும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது.

அந்த ஜவ்வு மூன்று சென்டிமீட்டர் சொச்சம் நீளம்தான். தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. முட்டி கிட்டத்தட்ட நேராக இருக்கிறது, பாதம் தட்டையாக ஊன்றியிருக்கிறது, மொத்த எடையும் ஒரு காலில் இறங்குகிறது, முட்டி உள்ளே சாய்கிறது. இந்த நாலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஜவ்வு தாங்காது. காயம்பட்ட ஆட்டங்களின் வீடியோவைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், கால் தரையைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லி வினாடியில் கிழிந்துவிடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கண் சிமிட்டுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். "பார்த்து ஆடு, கவனமா இறங்கு" என்று கத்துவதால் பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். யோசித்துத் திருத்த நேரமே கிடையாது. உடம்பு ஏற்கெனவே பழகி வைத்த அசைவு எதுவோ அதுதான் வரும்.

தசையின் பங்கும் இதில் பெரியது. முன்தொடைத் தசை இறுகினால் கால் எலும்பை முன்னால் இழுக்கும். பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் பின்னால் இழுக்கும். திருவாரூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, தேர் கட்டுக்கடங்காமல் ஓடாமல் இருக்க சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, ஹாம்ஸ்ட்ரிங் அந்த வேலையைச் செய்கிறது. முன்தொடை பலமாகவும் பின்தொடை பலவீனமாகவும் இருப்பவர் குதித்து இறங்கினால் சுமை ஜவ்வின் தலையில் விழும்.

யாருக்கு என்று கேட்டீர்கள். பெரும்பாலும் 15 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள். ஓடி, நின்று, திரும்பும் ஆட்டம் ஆடுபவர்கள்: கால்பந்து, கூடைப்பந்து, ஹேண்ட்பால், கபடி, பேட்மின்டன். முன்பு ஒருமுறை கிழிந்தவர்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது கிழிந்திருந்தாலும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டுகள் பிறவியிலேயே தளர்வாக இருப்பவர்கள், அதாவது முட்டி பின்பக்கமாக வளைகிறவர்கள், கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடுகிறவர்கள். அப்புறம், ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் ஆண்களைவிடப் பெண்களுக்கு. கால்பந்து, கூடைப்பந்தில் இரண்டு மூன்று மடங்கு என்று திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

வாலிபால்_அப்பா

பிசியோ சார், கடைசி வரியைப் படித்ததும் பக்கென்றது. என் மகளுக்கு 14 வயது, பள்ளி வாலிபால் அணியில் அட்டாக்கர். ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். நிற்கும்போது முட்டி இரண்டும் லேசாக உள்பக்கம் பார்க்கும். உறவினர் ஒருவர் "பெண்களுக்கு இடுப்பு அகலம், அதனால் முட்டி தாங்காது, நிறுத்திவிடு" என்கிறார். உண்மையிலேயே உடம்பு வாகுதான் காரணமா?

பிசியோ_கோவை

உடம்பு வாகுக்கும் பங்கு உண்டு, மறைக்கப்போவதில்லை. இடுப்பு அகலத்தால் தொடை எலும்பு முட்டியை நோக்கிச் சாய்ந்து வரும் கோணம் பெண்களுக்குச் சற்று அதிகம். ஜவ்வு ஓடும் எலும்புப் பள்ளம் சராசரியாகக் குறுகலானது, ஜவ்வும் சிறியது. மாதவிடாய்ச் சுழற்சியில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது மூட்டுத் தளர்வும் கொஞ்சம் மாறுகிறது. ஆனால் இவற்றில் எது எவ்வளவு பொறுப்பு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பூப்படைவதற்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இந்தக் காயத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது. அதற்குப் பிறகுதான் பிரிகிறது. அந்த வயதில் இருவருக்குமே கால் நீளுகிறது, எடை கூடுகிறது. பையனுக்குத் தசையும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. பெண் பிள்ளைக்கு நாம்தான் பயிற்சி கொடுத்து ஏற்ற வேண்டும். அந்த இரண்டு மூன்று வருடத்தில் யாரும் கொடுப்பதில்லை. உங்கள் மகள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். நிறுத்த வேண்டாம் சார். இறங்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வயது இல்லை.

பி.டி.டீச்சர்_ஈரோடு

இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். எலும்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் மைதானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பையன் ஆறு வயதிலிருந்து தெருவில் குதிக்கிறான், மதில் ஏறுகிறான், மாமரத்திலிருந்து தாவுகிறான். பெண் பிள்ளையைப் பத்து வயதில் வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுகிறோம். அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் உயரமாக இருக்கிறாள் என்று நாம் போய்த் தேர்ந்தெடுத்து, மூன்று வாரத்தில் மாவட்டப் போட்டிக்கு இறக்குகிறோம். அவள் உடம்பு குதித்து இறங்கியே பழகவில்லை.

ஷூவையும் பார்க்க வேண்டும். அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கித் தருவார்கள். பாதம் உள்ளே ஆடும். மைதானமும் ஜிம்மும் பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் கிடைக்கும், அதற்குள் இருட்டிவிடும், வீட்டிலிருந்து போன் வந்துவிடும். வார்ம்-அப் என்பது கிரவுண்டை இரண்டு சுற்று ஓடுவதோடு முடிந்துவிடும். இதையெல்லாம் சரிசெய்யாமல் 'பெண் எலும்பு' என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஷட்டில்_ரசிகை

டீச்சர், நீங்கள் சொல்வது பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுக்கச் சரி. ஆனால் ஸ்பெயினின் பேட்மின்டன் வீராங்கனை கரோலினா மரினை என்ன சொல்வீர்கள்? ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், மூன்று முறை உலக சாம்பியன். பயிற்சியிலோ பிசியோவிலோ எந்தக் குறையும் இருந்திருக்காது. 2019 ஜனவரியில் இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதிப் போட்டியில் சாய்னாவுக்கு எதிராக முன்னிலையில் இருந்தபோது வலது முட்டி போனது. அதே செப்டம்பரில் திரும்பி வந்து சீன ஓபனை வென்றார். 2021ல் டோக்கியோவுக்குச் சற்று முன்னால் இடது முட்டி. பட்டத்தைத் தக்கவைக்கப் போகவே முடியவில்லை. பாரிஸ் 2024 அரையிறுதியில் முதல் கேமை 21-14 என்று வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது. அன்று அவர் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து நானும் அழுதேன். முட்டிக் கட்டுடன் எழுந்து இரண்டு பாயிண்ட் ஆடிப் பார்த்துவிட்டு வெளியேறினார். அவரை எதிர்த்து ஆடிய ஹே பிங்ஜியாவ் பதக்க மேடையில் ஸ்பெயின் சின்னத்தைக் கையில் பிடித்து நின்றார்.

எல்லாம் சரியாகச் செய்தவருக்கே இப்படி என்றால், பயிற்சி மட்டும் போதும் என்று எப்படிச் சொல்வது?

பிசியோ_கோவை

நியாயமான கேள்வி. பயிற்சி அபாயத்தைக் குறைக்கும், துடைத்து எடுத்துவிடாது. ஒருமுறை கிழிந்த முட்டி அடுத்த காயத்துக்குப் பெரிய காரணம். 25 வயதுக்குள் ஆபரேஷன் செய்து ஆட்டத்துக்குத் திரும்பியவர்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மறுபடி கிழிகிறது. அதே கால் மட்டும் இல்லை, மறு காலும். அடிபட்ட காலைக் காப்பாற்ற உடம்பு தன்னையறியாமல் எடையை அடுத்த காலுக்குத் தள்ளுகிறது.

பேட்மின்டனில் பின்கோர்ட்டுக்குத் தாவி, தலைக்கு மேலே அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும் அந்த ஒரு அடி இருக்கிறதே, அதை மரின் போன்றவர்கள் ஒரு ஆட்டத்திலேயே எத்தனையோ முறை செய்கிறார்கள். எத்தனை முறை இறங்குகிறோம், எவ்வளவு களைப்பில் இறங்குகிறோம் என்பதும் கணக்கில் வரும்.

கன்னர்ஸ்_சென்னை

களைப்பு பற்றி வந்ததால் இதைச் சொல்கிறேன். 2022-23 சீசனில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான ஆர்சனலின் பெண்கள் அணி ஒன்றில் மட்டும் நாலு பேருக்கு ஏ.சி.எல். போனது. நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியன் மீடெமா, ஏப்ரலில் இங்கிலாந்து தேசிய அணியின் கேப்டன் லியா வில்லியம்சன், மே மாதம் லாரா வீன்ராய்தர். முதல் மூவரும் 2023 உலகக் கோப்பைக்கே போகவில்லை. அதற்கு முந்தைய வருடம் யூரோ தொடங்குவதற்கு முந்தின நாள் ஸ்பெயினின் அலெக்ஸியா புட்டெயாஸ். 2024 தொடக்கத்தில் செல்சியின் சாம் கெர்.

இவ்வளவுக்குப் பிறகுதான் பெண்களுக்கான பூட்ஸ் பற்றிப் பேச்சே எழுந்தது. அதுவரை பெரும்பாலும் ஆண் பாதத்துக்குச் செய்ததைச் சின்ன சைஸில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2024ல் உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ, இங்கிலாந்தின் வீரர்கள் சங்கமான பி.எஃப்.ஏ., நைக்கி, லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகம் சேர்ந்து மூன்று வருட ஆய்வு தொடங்கினார்கள். மைதானம், பயணம், ஓய்வு, மருத்துவ வசதி எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். தொழில்முறை ஆட்டத்துக்கே இந்த நிலை என்றால் ஈரோட்டுப் பள்ளி மைதானத்தைப் பற்றி டீச்சர் சொன்னதில் ஆச்சரியமே இல்லை.

அரைமண்டி

நான் ஆடுவது பரதம், விளையாட்டு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நியூயார்க்கில் பாலே, நவீன நடனக் குழுக்களில் ஏறக்குறைய 300 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாளெல்லாம் குதிக்கும் கூட்டம் அது. அவர்களிடம் ஏ.சி.எல். காயம் மிகக் குறைவாக இருந்தது, ஆண்-பெண் வித்தியாசமும் பெரிதாக இல்லை. அந்தப் பெண்களுக்கும் இடுப்பு அகலம்தானே? சின்ன வயதிலிருந்து இறங்குவதையே ஒரு பாடமாகக் கற்றிருக்கிறார்கள்.

எங்கள் டீச்சர், முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் உட்கார வைத்து ஒன்றை மட்டும் விடாமல் திருத்துவார். முட்டி, பாதத்தின் விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். உள்ளே விழுந்தால் தட்டுக்கழி தரையில் ஓங்கி விழும். பிசியோ சொல்வதும் கிட்டத்தட்ட அதேதானே?

பிசியோ_கோவை

அதேதான் அம்மா. விரல் பார்க்கும் திசையில் முட்டி. நான் நாள் முழுக்க வாய் வலிக்கச் சொல்வது இது ஒன்றைத்தான்.

பைக்_பயணி

விளையாடாதவனுக்கும் வரும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். எனக்குப் போனது பின்பக்க ஜவ்வு, பி.சி.எல். மழையில் பைக் சறுக்கி, மடங்கிய முட்டிக்குக் கீழே கால் எலும்பு தரையில் மோதியது. கார் டேஷ்போர்டில் முட்டி இடித்தாலும் இதே ஜவ்வுதான் போகும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் பிசியோ வார்டில் பாதிப் பேர் டூவீலர்காரர்கள்தான். சைடு ஸ்டாண்டில் சாயும் வண்டியைக் காலை ஊன்றித் தாங்கப் போய் ஏ.சி.எல். கிழிந்தவரும் அங்கே இருந்தார்.

பழைய_கார்னர்

கபடி பக்கம் வருகிறேன். கார்னரில் நின்று கணுக்கால் பிடித்தே வளர்ந்தவன் நான். அந்தப் பிடியில் ரைடரின் பாதம் நம் கையில் அசையாமல் நிற்கும், கவரில் இருப்பவன் வந்து இடுப்பில் மோதுவான். பாதம் இங்கே, உடம்பு அங்கே. வெளிப்பக்கத்திலிருந்து தொடையில் மோதினால் உள்பக்க ஜவ்வு எம்.சி.எல். போகும். மண் தரையில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ போட்டால் பிடி அதிகம், வேகமும் அதிகம். புரோ கபடி வந்த பிறகு கிராமத்து டோர்னமென்ட் கூட மேட்டுக்கு மாறிவிட்டது, ஆனால் உடம்பைத் தயார்செய்யும் பழக்கம் கூடவே வரவில்லை. திருவிழா டோர்னமென்ட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரைக்கும் ஒரே அணி நாலு மேட்ச் ஆடும். எனக்குத் தெரிந்து பெரிய காயங்கள் கடைசி மேட்ச்சில்தான்.

இன்னொன்று. எங்கள் அணி ரைடர் ஒருவனுக்கு முட்டி வீங்கியதும் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் போய்விட்டது, நடந்தான், சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ரைடுக்குப் போனால் முட்டி 'நழுவுது' என்பான். அப்படியே ஒரு சீசன் ஆடினான். ஸ்கேன் எடுத்தபோது ஏ.சி.எல். இல்லவே இல்லை, உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. இன்று அவன் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடிக்கிறான், வயது நாற்பது கூட ஆகவில்லை.

பிசியோ_கோவை

இதை எல்லாரும் படிக்க வேண்டும். டப் சத்தம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம், அப்புறம் முட்டி விட்டுப்போகிற உணர்வு. இவை இருந்தால் வீக்கம் வடிந்ததை வைத்து ஏமாறாதீர்கள். உள்ளே ரத்தம் தேங்கியதால் வந்த வீக்கம் அது, வடியத்தான் செய்யும். உருவுவதும் சூடு வைப்பதும் அந்த நேரத்தில் கூடாது. ஐஸ், கட்டு, ஊன்றாமல் ஓய்வு, அப்புறம் எலும்பு-மூட்டு மருத்துவர்.

எம்.சி.எல். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலேயே கூடிவிடும். ஏ.சி.எல். மூட்டுக்குள் இருப்பதால் அப்படிச் சுலபமாகக் கூடுவதில்லை. அதற்காகக் கிழிந்தவர்கள் எல்லாருக்கும் கத்தி தேவை என்றும் இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்துச் செய்து 2010ல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று விட்ட குழுவில் ஐந்து வருடம் கழித்தும் பாதிப் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் கபடி ரைடராகவே திரும்ப வேண்டும் என்றால் பெரும்பாலும் மருத்துவர்கள் ஆபரேஷனைத்தான் சொல்வார்கள்.

ரைடர்_திருவாரூர்

இரண்டு பேருக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. எப்போது மேட்டில் இறக்கலாம்? நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் கேன் வில்லியம்சன் 2023 மார்ச் 31ல் ஐ.பி.எல். முதல் ஆட்டத்தில், ருதுராஜ் அடித்த பந்தை எல்லைக்கோட்டில் தாவித் தடுக்கப்போய் ஏ.சி.எல். கிழிந்து, அக்டோபர் 13ல் நம்ம சேப்பாக்கத்தில் உலகக் கோப்பையில் 78 அடித்தாரே. ஆறு மாதம் சொச்சம்தானே? பொங்கல் போட்டிக்குள் வந்துவிடலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

பிசியோ_கோவை

வேண்டாம் அண்ணா. பேட்டிங்கில் எந்தப் பக்கம் எப்படிக் காலை வைப்பது என்பது பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது. ரைடரின் காலை ஏழு பேர் தீர்மானிக்கிறார்கள். ஆபரேஷனில் ஜவ்வுக்குப் பதிலாக ஒட்டுப்போட்ட தசைநாண் உள்ளே ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும், வலி இல்லாததை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நார்வேயில் பார்த்தது: ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் இறக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒற்றைக் கால் தாவலிலும் தொடை பலத்திலும் ஆபரேஷன் செய்த கால் மறு காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

பி.டி.டீச்சர்_ஈரோடு

மீதமுள்ள பிள்ளைகளுக்கு என்ன செய்வது? ஜிம் இல்லை, பணம் இல்லை. அதற்குள் அடங்குகிற மாதிரி சொல்லுங்கள்.

பிசியோ_கோவை

டீச்சர், ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். கால்பந்துக்காகச் செய்தது, ஆனாலும் கபடி, வாலிபால், ஹேண்ட்பாலுக்கு அப்படியே பொருந்தும். இந்த மாதிரிப் பயிற்சியை விடாமல் செய்த பெண் வீராங்கனைகளிடம் ஏ.சி.எல். கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதில் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நார்டிக் என்ற ஒன்று வரும். மண்டியிட்டு நிற்க, இன்னொரு பிள்ளை கணுக்காலை அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் வாரம் எல்லாரும் பொத்தென்று விழுவார்கள், பரவாயில்லை.

'விடாமல்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நார்வே பெண்கள் ஹேண்ட்பாலில் பயிற்சிக்கு முந்தைய சீசனில் 29 ஏ.சி.எல். காயங்கள், பயிற்சி தொடங்கிய சீசனில் 23, அடுத்ததில் 17. திட்டம் முடிந்து அணிகள் கைவிட்டதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. திரும்ப முனைந்து செய்த பிறகு இறங்கியது.

ரைடர்_திருவாரூர்

அந்த அப்பாவிடம் இந்த இழையை அப்படியே காட்டினேன். பூப்படைந்த பிறகுதான் வித்தியாசம் வருகிறது என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். "அப்ப பயிற்சி குடுக்காம ஆட விட்டதுதான் தப்பா" என்று கேட்டார். மகளை அனுப்புகிறேன், ஆனால் அந்த 20 நிமிடப் பயிற்சி நடக்கும்போது நானும் வந்து நின்று பார்ப்பேன் என்கிறார். தாராளமாக வரட்டும்.

வாலிபால்_அப்பா

பிசியோ சார், ஒரு அடி உயர ஸ்டூலிலிருந்து மகளைக் குதிக்கச் சொல்லி முன்பக்கமிருந்து போனில் ஸ்லோமோஷன் எடுத்தேன். இரண்டு காலில் இறங்கும்போது சுமாராக இருக்கிறது. ஒற்றைக் காலில் இறங்கினால் வலது நேராக நிற்கிறது, இடது முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போகிறது. இறங்கும் சத்தமும் இடதில்தான் அதிகம்.

பிசியோ_கோவை

அழகாகப் பார்த்திருக்கிறீர்கள். இப்போதைக்கு இடது ஒற்றைக் காலில் குதிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் இரண்டு காலில் சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள், முட்டியும் இடுப்பும் நன்றாக மடங்க வேண்டும். கூடவே, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் இடுப்புப் பயிற்சியும், கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவதும். இரண்டிலும் இடதுக்கு ஒரு செட் கூடுதல். முட்டி உள்ளே போனால் அந்தத் தடவை கணக்கில் சேராது. ஆறு வாரம் கழித்து அதே ஸ்டூல், அதே கோணத்தில் வீடியோ எடுத்து இங்கேயே சொல்லுங்கள். நடுவில் வலி வந்தால் மட்டும் காத்திருக்காமல் நேரில் ஒரு பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.